குடம் திருகிய சந்து

எண்ணூர் நெடுஞ்சாலையில் வடக்குப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். காலில் செருப்பு இல்லை. முழங்காலிலிருந்து பாதம் வரை இரண்டு கால்களும் சாம்பல் நிறத்தில் இருந்தன. நடக்க நடக்கச் சிமெண்ட் இறுகிக்கொண்டே வந்ததால் பேண்ட்டின் கீழ்ப்பகுதி தகரக் குழாய் மாதிரி ஆகி, அடி வைக்கும்போதெல்லாம் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டது. வழியில் ஒரு டீக்கடைக்காரர் என்னை நிறுத்தி, எந்தக் கோயிலுக்கு வேண்டுதல் என்று பரிவோடு கேட்டார். மாதா கோயிலுக்கு என்றேன். டீக்குக் காசு வாங்கவில்லை. (அந்த டீயின் பாவம் இன்னும் என் தலையில்தான் இருக்கிறது.)

நான் இப்படிப் பல ஊர்களிலிருந்து நடந்து போனவன். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்ட நாள் முதல் எந்த வேலையிலும் ஒரு தீபாவளியைத் தாண்டியதில்லை. மீன் லாரியில் ஐஸ் உடைத்திருக்கிறேன், யானைக்கவுனியில் மூட்டை இறக்கியிருக்கிறேன், சர்க்கஸ் கூடாரத்துக்கு முளை அடித்திருக்கிறேன். எங்கிருந்து கிளம்பினாலும் யாரும் பின்னால் தேடி வந்ததில்லை. அந்த மாலை மட்டும், நான் இரண்டு கிலோமீட்டர் தாண்டும் வரைக்கும் ஒரு சந்து முழுக்க என்னைத் தேடிக்கொண்டிருந்தது. நான் போட்டுக் கொடுத்த ரோட்டுக்காக.

திருவொற்றியூரில் என் அக்கா பிலோமினா குடியிருந்த சந்துக்கு ஐஸ் பேக்டரி சந்து என்று பெயர். ஆறடி அகலம். நடுவில் முழங்கை மாதிரி ஒரு வளைவு. கடைசியில் சுவர். இருபத்தாறு வீடுகள். வீராணம் தண்ணீர் சென்னைக்கு வராத வறண்ட வருஷங்கள் அவை. குழாயில் காற்று மட்டும் வரும். ஆனால் கார்த்திகை பிறந்து நாலு தூறல் விழுந்தால் போதும், சந்தில் முழங்கால் அளவுக்குச் சாக்கடையும் சேறும் நிற்கும். குடிக்கத் தண்ணீர் இல்லாமல், நடக்கத் தண்ணீர் அதிகமாகி வாழ்ந்த ஜனங்கள்.

அந்தச் சேற்றில் அதிகம் அவதிப்பட்டவர் ராஜாமணி அண்ணன். சின்ன வயதில் போலியோ வந்து இரண்டு கால்களும் சூம்பிவிட்டன. கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டி வைத்திருந்தார். வீடு வளைவுக்கு அந்தப் பக்கம், சந்தின் கடைசியில். பிழைப்பு சந்தின் வாசலில், மெயின் ரோட்டைப் பார்த்த டெலிபோன் பூத். நடுவில் இருப்பது நூறு அடி. மழைக்காலத்தில் அந்த நூறு அடியும் அவருக்கு அடுத்தவன் முதுகுதான். முந்தைய மழைக்கு அந்த முதுகு என்னுடையதாக இருந்தது. அப்போது நான் வேலையில்லாமல் அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சும்மா தின்கிறவன் முதுகை ஊருக்குக் கொடுப்பது வழக்கம்தானே.

ஒரு நாள் காலை அவரைச் சுமந்தபடி வளைவில் வழுக்கி விழுந்தேன். இருவரும் இடுப்பு வரை சாக்கடைக்குள். நான் எழுந்துவிட்டேன். அவரால் எழ முடியவில்லை. இரண்டு பேர் வந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். அவர் என்னைத் திட்டவில்லை. சட்டைப் பையிலிருந்து பூத் சாவியை எடுத்து, அதிலிருந்த சேற்றை வழித்துவிட்டு, நிதானமாகச் சொன்னார்:

"அடுத்த மழைக்கு எவன் முதுகுலயும் நான் ஏற மாட்டேன். ஏறுனா பொணமாத்தான் ஏறுவேன்."

அப்போது நகராட்சியில் ஒரு ஏற்பாடு இருந்தது. சந்துக்காரர்கள் செலவில் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அவர்கள் போட்டு சிமெண்ட் ரோடு அமைப்பார்கள். ராஜாமணி அண்ணன் பூத்தில் இருந்தபடியே அத்தனை வீட்டையும் பேசிச் சம்மதிக்க வைத்தார். லேசான வேலையில்லை. வாடகைக்கு இருப்பவர்கள், வீட்டுக்காரன் ரோட்டுக்கு நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும் என்றார்கள். வீட்டுக்காரர்கள், நடக்கிறது அவர்கள் கால்தானே என்றார்கள். ஒருவர் தன் பங்கைக் கருவாடாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். ராஜாமணி அண்ணன் இரண்டாவது டெலிபோன் வாங்க வைத்திருந்த பணத்தை முதல் ஆளாக எடுத்து வைத்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வீடாகப் பங்கு வந்து சேர்ந்தது.

மேட்டுப் பிரச்சினையும் அவர்தான் யோசித்தார். பழைய தரைக்கு மேலேயே சிமெண்டைப் போட்டால் ரோடு உயர்ந்து, வீடுகள் பள்ளத்தில் போய், மழைத் தண்ணீர் அடுப்படிக்கு வந்துவிடும். அதனால் முதலில் அரையடி மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டார். இவ்வளவும் யோசித்தவர் ஒரே ஒரு தப்புச் செய்தார். வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள என்னைப் போட்டார்.

அவர் மேல் குற்றம் இல்லை. நான்தான் சொல்லியிருந்தேன். வியாசர்பாடியில் ஒரு கட்டடத்துக்குத் தளம் போட்டபோது கலவைப் பாண்டு சுமந்த அனுபவம் எனக்கு இருந்தது. மொத்தம் பதினோரு நாள். அதில் இரண்டு நாள் காய்ச்சல். ஆனால் நான் பேசிய பேச்சைக் கேட்டவர்கள், துறைமுகத்தையே நான்தான் கட்டினேன் என்று நினைத்திருப்பார்கள்.

கான்ட்ராக்டர் அனுப்பிய மேஸ்திரி பெயர் கன்னியப்பன். அறுபது வயது. அதிகம் பேசமாட்டார். சந்தை ஒரு முறை நடந்து பார்த்துவிட்டுப் பாதி பாதியாகப் போடலாம் என்றார். இன்றைக்கு இடது பக்கம் மூன்றடி, அது காய்ந்ததும் வலது பக்கம் மூன்றடி. ஜனங்கள் நடக்க எப்போதும் ஒரு பக்கம் இருக்கும்.

நான் தலையை ஆட்டிச் சிரித்தேன். (அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.)

"நடுவுல ஜாயிண்ட்டு வரும் மேஸ்திரி. அங்கதான் மொதல்ல கிராக் வுடும். அண்ணாத்தே வண்டிக்கு முன்னால ஒத்தச் சக்கரம். கரெக்டா அந்தக் கிராக்குல போயி மாட்டிக்கினா?"

இதைச் சொன்னது ராஜாமணி அண்ணனுக்கு எதிரில். அவர் முகம் மாறிவிட்டது. ஒரே வார்ப்பாகப் போட்டுவிடலாமே என்று அவரே மேஸ்திரியிடம் கேட்டார். மேஸ்திரி என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஒரு நாளு பூரா இருபத்தாறு வூட்டு ஜனத்தயும் கட்டிப் போட முடியுமா நைனா?" என்றார்.

"அது என் பொறுப்பு," என்றேன்.

நாள் குறித்ததும் நான்தான். அமாவாசை இல்லை, கோயில் திருவிழா இல்லை, சந்தில் கர்ப்பிணி யாருக்கும் நாள் நெருங்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, தண்ணீர் லாரி வராத நாள். லாரி எங்களுக்கு வருவது செவ்வாய், வியாழன், சனி. நான் குறித்தது புதன்கிழமை. இதைவிடக் கச்சிதமாக யோசிக்க எந்த இஞ்சினியராலும் முடியாது என்று அக்காவிடம் பெருமை அடித்தேன்.

செவ்வாய்க்கிழமை லாரி வரவில்லை.

இங்கே எங்கள் சந்தின் குடவரிசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெயின் ரோட்டில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் இடைவிடாமல் ஓடும். அதனால் தண்ணீர் லாரி சந்து வாசலில் நிற்க, வரிசை சந்துக்குள்தான் நீளும். வரிசையில் ஆள் நிற்பதில்லை, குடம் நிற்கும். வீட்டுக்கு ஒரு குடம், இடது சுவரை ஒட்டி. லாரி வரும்போது அந்தக் குடம் இருக்கும் இடம்தான் அந்த வீட்டின் இடம். அடுத்தவர் குடத்தை நகர்த்துவது, அடுத்தவர் வீட்டுச் சோற்றில் கை வைப்பதற்குச் சமம்.

ஒரே ஒரு சங்கடம், கடல் காற்று. காலி பிளாஸ்டிக் குடத்தை அது உருட்டிக்கொண்டு போய்விடும். அதனால் எங்கள் சந்துப் பெண்கள் குடத்தைச் சும்மா வைக்க மாட்டார்கள். கழுத்தைப் பிடித்து மண்ணில் அழுத்தி, வலது பக்கம் ஒரு திருகு, இடது பக்கம் ஒரு திருகு. குடம் ஒரு விரற்கடை மண்ணுக்குள் இறங்கி உட்கார்ந்துவிடும். பேசிக்கொண்டே செய்வார்கள், தூக்கக் கலக்கத்தில் செய்வார்கள். கை தானாகவே அந்த வேலையைச் செய்யும்.

செவ்வாய்க்கிழமை காலையில் திருகி வைத்த இருபத்தாறு குடங்களும் புதன்கிழமை விடிந்தபோதும் அப்படியே நின்றன. மண்ணை முந்தின வாரமே சுரண்டி எடுத்தாகிவிட்டது. மேஸ்திரி ஆட்களோடு வந்துவிட்டார். மிக்சர் இயந்திரம் வந்துவிட்டது. குடத்தை எடுத்தால்தான் வேலை நடக்கும். பெண்கள் எடுக்கச் சம்மதிக்கவில்லை. நேற்று வராத லாரி இன்று வந்தால் என்ன செய்வது என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்கு நான், விடியற்காலையிலேயே போய் லாரிக்காரர்களிடம் விசாரித்துவிட்டேன், நாளைக்குத்தான் வருகிறது என்று சொன்னேன். நான் எங்கேயும் போகவில்லை. ஆறரை மணி வரை தூங்கிக்கொண்டிருந்தேன்.

குடவரிசை மாறாமல் இருக்க ஒரு பட்டியலும் எழுதினேன். சிமெண்ட் மூட்டையின் காகிதத்தைக் கிழித்து, முதல் குடத்திலிருந்து ஒவ்வொன்றாகக் குறித்தேன்: பச்சை, பச்சை, நீலம், ஆரஞ்சு, பச்சை, நீலம், பச்சை. இருபத்தாறையும் எழுதி முடித்துக் கீழே கையெழுத்தும் போட்டேன். பிறகு குடங்களைச் சந்துக்கு வெளியே ஐஸ் பேக்டரிச் சுவரோரம் அடுக்கி, காற்றில் உருளாமல் இருக்கப் பழைய மீன்வலை ஒன்றைப் போர்த்தி நாலு பக்கமும் முடிச்சுப் போட்டேன். முடிச்சுப் போடுவதில் எனக்குத் திறமை உண்டு. அவிழ்ப்பதில்தான் கிடையாது.

வேலை அருமையாக நடந்தது. சந்தின் கடைசிச் சுவர்ப் பக்கமிருந்து ஆரம்பித்து வாசலை நோக்கி வந்தார்கள். நான் நடுநடுவே, ஜல்லி போதவில்லை, மட்டப்பலகையை இன்னும் இழுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். யாரும் காதில் வாங்கவில்லை. ஆண்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். பெண்கள் என் உத்தரவுப்படி வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள். ராஜாமணி அண்ணன் அன்று பூத்தைத் திறக்கவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து வண்டியின் சங்கிலிக்குத் தேங்காய் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் காலை அந்த ரோட்டில் முதல் சக்கரம் தன்னுடையதாகத்தான் இருக்க வேண்டும், எவனும் பின்னால் கை வைத்துத் தள்ளக் கூடாது என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

மூன்றரை மணிக்கு வேலை முடிந்தது. ஆட்கள் இயந்திரத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு போனார்கள். சந்தின் உள்பகுதி காய ஆரம்பித்திருந்தது. வாசலை ஒட்டிய முப்பதடி மட்டும் அல்வா மாதிரி பளபளத்தது. அதை மேஸ்திரி கரணையால் தடவிக்கொண்டிருந்தார். நான் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வேலையை முடித்த மனிதன் எப்படி நிற்பானோ அப்படி.

அப்போது ஹாரன் கேட்டது.

அந்த ஹாரனை மெட்ராஸில் அந்த வருஷங்களில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தூங்குகிற குழந்தையைப் போட்டுவிட்டு ஓட வைக்கும் ஹாரன். தண்ணீர் லாரி ஒழுகிக்கொண்டே வந்து சந்து வாசலில் நின்றது. பத்து நிமிஷம் நிற்கும். ஆள் இல்லாவிட்டால் அடுத்த சந்துக்குப் போய்விடும்.

இருபத்தாறு கதவுகளும் ஒன்றாகத் திறந்தன. நான் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, சிமெண்ட் பச்சையாக இருக்கிறது, யாரும் கால் வைக்கக் கூடாது என்று கெஞ்சினேன். ஒரு கணம் எல்லோரும் படியிலேயே நின்றார்கள். பிறகு ஒரு கால் இறங்கியது. ஊரான் காலாக இருந்தாலும் பரவாயில்லை. இறங்கியது என் சொந்த அக்காவின் கால்.

"தள்றா. மூணு நாளா வூட்ல சொட்டுத் தண்ணி இல்ல. உன் ரோட்ட கரைச்சுக் குடிக்கறதா?"

அதற்குப் பிறகு கால்களை எண்ண முடியவில்லை. எல்லோரும் வாசலைத் தாண்டி வலைக்கு வந்தார்கள். என் முடிச்சு அவிழவில்லை. ஒரு அம்மாள் வீட்டுக்குப் போய் அரிவாள்மனையை எடுத்து வந்து (போகவும் வரவும் சிமெண்டில்தான்) வலையை அறுத்தாள். குடங்கள் மெயின் ரோட்டுப் பக்கம் உருண்டன. ஒரு கண்டெய்னர் லாரி பிரேக் போட்டு நின்று, டிரைவர் எங்கள் எல்லோருடைய வம்சத்தையும் விசாரித்தார்.

நான் நிலைமையைச் சரிசெய்ய நினைத்து, சட்டைப் பையிலிருந்து பட்டியலை எடுத்து உரக்கப் படித்தேன். "முதல்ல பச்ச. ரெண்டாவது பச்ச."

"எந்தப் பச்சடா?" என்றாள் அக்கா.

குனிந்து பார்த்தேன். பதினாலு பச்சைக் குடங்கள் இருந்தன. எல்லாம் ஒரே அளவு, ஒரே கடை. எனக்குத்தான் ஒன்றுபோல இருந்தன. அவர்களுக்கு அப்படி இல்லை. கழுத்தில் நெயில் பாலிஷ் பொட்டு வைத்தது ஒருத்தியுடையது, அடியில் கம்பியால் சூடு போட்டது இன்னொருத்தியுடையது, வாய் ஓரம் எலி கடித்தது எங்கள் அக்காவுடையது. நிமிஷத்தில் அவரவர் குடம் அவரவர் கைக்குப் போய்விட்டது. ஆனால் யார் முதல், யார் கடைசி என்பது போய்விட்டது. நேற்றுக் காலை ஐந்து மணிக்கே வந்து வைத்தவளும் கடைசியில் வந்து வைத்தவளும் ஒன்றாகிவிட்டார்கள். ஆக, முதலில் குடத்தை ஊன்றுகிறவளுக்கு முதல் இடம் என்று ஆயிற்று.

எல்லோரும் திரும்பிச் சந்துக்குள் ஓடினார்கள். இடது சுவரோரம், வழக்கமான இடத்தில், கழுத்தைப் பிடித்து அழுத்தி, வலது பக்கம் ஒரு திருகு, இடது பக்கம் ஒரு திருகு.

மண்ணில் ஒரு விரற்கடை இறங்கும் குடம் பச்சைச் சிமெண்டில் நாலு விரற்கடை இறங்கியது.

நான் மண்டி போட்டுக்கொண்டு ஒரு குடத்தைப் பிடுங்கினேன். அதன் சொந்தக்காரி என் தலையில் ஒன்று வைத்துவிட்டு, அதே குழியில் இன்னும் ஆழமாகத் திருகினாள். இன்னொன்றைப் பிடுங்கினேன். அதற்குள் முன்னால் தண்ணீர் பிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். நிரம்பிய குடத்தை இடுப்புக்கு ஏற்றும் முன் ஒரு தடவை கீழே வைப்பார்கள் அல்லவா, அதுவும் சிமெண்டில்தான். மேஸ்திரி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, கரணையை நெஞ்சோடு அணைத்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் கோபமே இல்லை. கலியாண வீட்டில் பந்தல் சரிவதைப் பார்க்கிறவர் மாதிரி நின்றார்.

லாரி போன பிறகு அவர் மெதுவாக வந்து ஒரு குழியைக் கரணையால் தொட்டுப் பார்த்தார். கடல் காற்றும் வெயிலும் சேர்ந்து மேல்பக்கத்தை இறுக்கியிருந்தன. இதற்கு மேல் நோண்டினால் உதிர்ந்துவிடும் என்றார். கரணையைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "ஒரு ஜாயிண்ட்டு வோணாம்னியே நைனா," என்றார்.

அப்போது வளைவுக்கு அப்பாலிருந்து ராஜாமணி அண்ணனின் குரல் வந்தது. அவருக்கு அங்கிருந்து எதுவும் தெரியாது. சத்தம் மட்டும் கேட்டிருக்கும்.

"பிரான்சு, லாரியா வந்துச்சு? எல்லாருக்கும் தண்ணி கெடச்சுதா?"

"கெடச்சுது அண்ணாத்தே."

"ரோடு எப்டிக்கீது?"

செருப்பு இரண்டும் சிமெண்டில் மாட்டியிருந்தன. குனிந்து எடுக்கப் பொறுமையில்லாமல் காலை மட்டும் உருவிக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன்.

எண்ணூரில் ரயில் ஏறினேன், டிக்கெட் இல்லாமல். மீஞ்சூரில் இறங்கியதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. அங்கே பரிசோதகர் ஏறினார். ஸ்டேஷன் பெஞ்சில் படுத்தேன். விடிந்ததும் பக்கத்து அடிபம்பில் காலைக் கழுவினேன். சிமெண்ட் கழுவினால் போகாது. கல்லால் தேய்த்தால் போகும், மயிரோடு சேர்த்து.

கையில் ஒரு ரூபாய் நாணயம் ஒன்று இருந்தது. ஸ்டேஷனுக்கு எதிரே கடையில் நாணயம் போட்டுப் பேசும் போன். ராஜாமணி அண்ணனின் பூத் நம்பர் எனக்கு மனப்பாடம். அந்தப் போனை அவர் எடுத்தால், வீட்டிலிருந்து பூத்துக்கு எப்படியோ வந்துவிட்டார் என்று அர்த்தம். எடுக்காவிட்டால், என் குழிகளைத் தாண்ட முடியாமல் உள்ளேயே கிடக்கிறார் என்று அர்த்தம். வழக்கமாக ஆறரைக்குத் திறப்பார். ஆறரைக்கு அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நாணயத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். ஏழுக்கு அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. ஏழரைக்கு அடித்தேன். அதற்குள் கடைக்காரர், அந்தப் பக்கம் பெண்ணா என்று கேட்டுவிட்டார். எட்டு மணிக்கு மறுபடி அடித்தேன். ஐந்தாவது மணியில் எடுத்தார்கள்.

"வணக்கம். ராஜா டெலிபோன்ஸ்."

ரிசீவரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன்.

"பேசு பிரான்சு. போனைப் போட்டுட்டுப் பேசாம நிக்கறவன் இந்தத் திருவொத்தியூர்லயே நீ ஒருத்தன்தான்."

"எப்டி வந்தீங்க அண்ணாத்தே?"

"வண்டிலதான்."

"யாரு தள்னாங்க?"

"எவனையும் தொடவுடல. ரெண்டு பேரு தூக்க வந்தானுங்க, மூஞ்சி மேல துப்பிடுவேன்னுட்டேன். இருபத்திரெண்டு பள்ளம்டா. எண்ணிக்கினே வந்தேன். ஒவ்வொண்ணுலயும் பின் சக்கரம் வுழுது, கையால சுத்தி ஏத்தறேன், மறுபடி வுழுது. கொடலு வாய்க்கு வந்துடுச்சு. ஒன்ற மணி நேரம்." மூச்சு வாங்கினார். பின்னால் பஸ் ஒன்று போகும் சத்தம் கேட்டது. "ஆனா நானே வந்தேன்."

நான் அழுதேனா என்று கேட்காதீர்கள். கடைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வூட்டுக்கு வரட்டுமா?" என்றேன்.

"உங்க அக்கா தொடப்பத்தோட வாசல்ல நிக்குது. இப்ப வராத," என்று சொல்லி வைத்துவிட்டார்.

எட்டு மாதம் கழித்துத்தான் போனேன். அதற்குள் நடந்ததை மற்றவர்கள் சொல்லிக் கேட்டேன். ரோட்டைப் பார்க்க இஞ்சினியர் வந்திருக்கிறார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் கான்ட்ராக்டருக்குப் பணம், கன்னியப்பன் மேஸ்திரிக்குக் கூலி. சுவரோரம் வரிசையாக இருந்த குழிகளைப் பார்த்து, இது என்ன என்று கேட்டிருக்கிறார். மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார். என் அக்கா முன்னால் வந்து, குடம் காற்றில் உருளாமல் இருக்க நாங்கள்தான் கேட்டுப் போட்டோம் என்றாளாம். கேட்டா போட்டீர்கள் என்று அவர் மறுபடி கேட்க, சந்தே சேர்ந்து ஆமாம் என்றதாம். ஒருத்தி ஒரு குடத்தைக் கொண்டுவந்து குழியில் வைத்தும் காட்டினாளாம். அளவெடுத்துச் செய்தது மாதிரி உட்கார்ந்திருக்கிறது. அளவெடுத்துச் செய்ததுதானே. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ராஜாமணி அண்ணன் தன் சக்கரம் போகும் தடத்தில் இருந்த குழிகளை மட்டும் மேஸ்திரியை வைத்துப் பூசிக்கொண்டார். அதற்கு மேல் பூசப் பெண்கள் விடவில்லை. ஏனென்றால் அந்தக் குழிகளில் அன்று எந்த வரிசையில் குடம் இறங்கியதோ, அதுவே நிரந்தர வரிசை ஆகிவிட்டது. விடியற்காலை எழுந்து இடம் பிடிக்கும் வேலை ஒழிந்தது. சண்டையும் ஒழிந்தது. மூன்றாவது குழி வீடு காலியானால், தண்ணீர் சீக்கிரம் கிடைக்கும் என்று சொல்லி வாடகை கூட்டிக் கேட்கிறார்கள். என் அக்கா அன்று முதலில் கால் வைத்தவள். ஆனால் என்னோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததில் அவள் குடம் கிட்டத்தட்டக் கடைசியில்தான் இறங்கியது. பத்தொன்பதாவது குழி. இருபது வருஷமாக அந்தக் கணக்கை என்மேல் எழுதி வைத்திருக்கிறாள். அவள் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், தாய்மாமன் என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொல்லிவிட்டாள், "ரோடு போடறாரு." உள்ளே காபி ஆற்றிக்கொண்டிருந்த பெண்ணின் சிரிப்பு கூடத்துக்கே கேட்டது. பையன் வீட்டார் பெண் கலகலப்பானவள் என்று பிடித்துப்போய் அன்றே சம்மதம் சொன்னார்கள்.

இதெல்லாம் பிறகு வந்தவை. போனை வைத்த அந்தக் காலையில் எனக்குத் தெரிந்ததெல்லாம், ராஜாமணி அண்ணன் பூத்தில் இருக்கிறார், என் வயிற்றில் எதுவும் இல்லை என்ற இரண்டும்தான். ஊருக்கு வெளியே வயல்களில் ஆழ்குழாய் போட்டு லாரிகளுக்குத் தண்ணீர் விற்பதாகக் கடைக்காரர் சொன்னார். நடந்து போனேன். வரப்போரம் பதினைந்து இருபது லாரிகள் வரிசையாக நின்றன. ஒரு டிரைவர் தனியாகவே குழாயை இழுத்துக்கொண்டிருந்தார். கிளீனர் நேற்று சொல்லாமல் ஓடிவிட்டானாம். அவர் என் தலையிலிருந்து பாதம் வரை பார்த்தார். பாதத்தில் கொஞ்ச நேரம் அதிகமாகப் பார்த்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை.

"குழா புடிக்கறது பெரிய வேல இல்ல," என்றார். "வண்டி நின்னதும் மொதல்ல குதிச்சு, ஜனத்த லைன்ல நிக்க வெக்கணும். அதான் வேல. இன்னொண்ணு சொல்றேன், நல்லா கேட்டுக்க. எந்தப் பொம்பள குடத்தயும் கையால தொடாத. நகத்தாத. தொட்டன்னா உன்ன அங்கயே வுட்டுட்டு நான் வண்டிய எடுத்துக்கினு போய்க்கினே இருப்பேன். இந்த மாதிரி வேல முன்ன பாத்துக்கிறியா?"

இல்லை என்றேன். ஏறச் சொன்னார்.